பொலோனியா ராகு: சிறுதீயில் மூன்று மணி நேரம்

இத்தாலியின் வடக்கே எமிலியா ரொமான்யா பகுதியில் இருக்கும் பொலோனியாதான் இந்தக் கறிச் சாஸின் பிறந்த வீடு. அங்கே இதற்குப் பெயர் ராகு. வெளிநாட்டு ஓட்டல்களில் ஸ்பகெட்டி மேல் ஊற்றித் தரும் சிவந்த தக்காளிச் சாஸை மனதில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்ற வைத்தால் தொடக்கத்திலேயே வழி தவறிவிடும். பொலோனியாவின் ராகுவில் கறிதான் எல்லாமே. தக்காளி கொஞ்சம் நிறத்துக்கும் கொஞ்சம் புளிப்புக்கும் வருகிறது, அவ்வளவுதான். நன்றாக வந்த ராகு ஆரஞ்சும் பழுப்பும் கலந்த நிறத்தில், கரண்டியில் ஒட்டி நிற்கும்.

இத்தாலிய சமையல் அகாடமி இதன் செய்முறையை 1982 அக்டோபர் 17 அன்று பொலோனியா வணிகக் கழகத்தில் முறைப்படி பதிவு செய்தது. 2023-ல் அதைப் புதுப்பித்தார்கள். நான் கீழே சொல்வது பெரும்பாலும் அந்தப் புதிய அளவுதான். ஆறு பேருக்குத் தாராளமாக வரும்.

வேண்டியவை

கொரகொரப்பாகக் கொத்திய மாட்டிறைச்சி 400 கிராம். பேன்செட்டா, அதாவது உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றி வயிற்றுக்கறி, 150 கிராம். வெங்காயம், கேரட், செலரித் தண்டு ஒவ்வொன்றும் 60 கிராம். ஆலிவ் எண்ணெய் 3 மேசைக்கரண்டி. இனிப்பில்லாத ஒயின் அரை கிளாஸ், சிவப்போ வெள்ளையோ. தோலும் விதையும் நீக்கி அரைத்த தக்காளி 200 கிராம், தக்காளி பேஸ்ட் 1 மேசைக்கரண்டி. கொழுப்பு எடுக்காத பால் 1 கிளாஸ். சூடான கறிச்சாறு அல்லது காய்கறிச்சாறு, தேவைக்கு. உப்பு, மிளகு.

கறி வாங்கும்போது கொழுப்பே இல்லாத சுத்தமான சதையைக் கேட்காதீர்கள். நெஞ்சுப் பகுதி, விலாவின் அடிப்பகுதி மாதிரி ஜவ்வும் கொழுப்பும் ஓடும் இடம்தான் இதற்குச் சரி. அந்த ஜவ்வு மணிக்கணக்கில் வெந்து கரைந்துதான் சாஸுக்கு வழவழப்பு வருகிறது. வெறும் சதை மணல் மாதிரி உதிர்ந்து நிற்கும்.

பேன்செட்டா கிடைக்காவிட்டால் கொழுப்புள்ள பன்றிக்கறியைப் பொடியாகக் கொத்திப் போடலாம். புகையூட்டிய பேக்கன் மட்டும் வேண்டாம், அந்த வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். பூண்டு, ரோஸ்மேரி, பார்ஸ்லி எதுவும் இதில் கிடையாது. மாடும் பன்றியும் சாப்பிடாதவர்கள் அப்ருத்சோ பகுதியின் வழக்கப்படி ஆட்டுக்குட்டிக் கறியில் செய்யலாம். அதுவும் முறையான இத்தாலிய ராகுதான், பொலோனியா ராகு ஆகாது.

பாத்திரம்

அடி கனமாக, வாய் அகலமாக இருக்க வேண்டும். கனமான அலுமினியம், வார்ப்பிரும்பு இரண்டும் நல்லது. மண்சட்டியும் பொலோனியாவின் பழைய பழக்கம்தான். பிரஷர் குக்கர் வேண்டவே வேண்டாம். கறி வெந்துவிடும், ஆனால் நீராவி வெளியே போகாததால் சாஸ் சுண்டாது. சுண்டச் சுண்டத்தான் ருசி இறுகும்.

முதல் அரை மணி நேரம்

பேன்செட்டாவைப் பொடியாக நறுக்கி, எண்ணெயோடு மிதமான தீயில் வையுங்கள். கொழுப்பு உருகிக் கண்ணாடி மாதிரி ஆனதும் நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி மூன்றையும் சேருங்கள். எல்லாம் ஒரே அளவில், அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். மிக்ஸியில் அடித்தால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும், கத்தியே நல்லது. தீயைக் குறைத்துப் பத்து நிமிடம் வதக்குங்கள். வெங்காயம் சிவக்கக் கூடாது, மெத்தென்று ஆக வேண்டும். இத்தாலியர்கள் சொஃப்ரித்தோ என்பது இதைத்தான்.

இப்போது தீயைக் கூட்டிக் கறியைப் போடுங்கள். புதிதாகச் செய்பவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. முதல் தடவை நான் குறுகலான பாத்திரத்தில் 400 கிராமையும் ஒன்றாகக் கொட்டினேன். கறி விட்ட தண்ணீர் போக வழியில்லாமல் அதிலேயே வெந்து சாம்பல் நிறமாகிவிட்டது. பிறகு மூன்று மணி நேரம் அடுப்பில் இருந்தும் அந்த வேக வைத்த கறி ருசி மாறவில்லை. பாத்திரம் சிறியதென்றால் கறியை இரண்டு பங்காகப் பிரித்து வறுங்கள்.

கண்ணைவிடக் காது இங்கே நன்றாக உதவும். கறி போட்ட சில நிமிடங்களில் சலசலவென்று கொதிக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். கட்டிகளைக் கரண்டியால் உடைத்து விட்டுக்கொண்டே இருங்கள். தண்ணீர் வற்றியதும் சத்தம் மாறும், எண்ணெயில் பொரிவதுபோல் படபடவென்று வெடிக்கும். அப்போதுதான் கறி உண்மையில் சிவக்க ஆரம்பிக்கிறது. பாத்திரத்தின் அடியில் பழுப்பாக ஒட்டும், அது கருகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஆகும்.

ஒயினை ஊற்றி அடியில் ஒட்டியதைச் சுரண்டி விடுங்கள். பாத்திரத்துக்கு மேல் முகர்ந்து பாருங்கள். மூக்கில் ஏறும் நெடி போய், பழ வாசனை மட்டும் மிஞ்சும்போது அடுத்த கட்டத்துக்குப் போகலாம். ஒயின் பழக்கமில்லாத வீடென்றால் அதே அளவு கறிச்சாறு ஊற்றுங்கள். ஆழம் கொஞ்சம் குறையும், சாப்பாடு கெடாது.

சிறுதீ

தக்காளி பேஸ்ட், அரைத்த தக்காளி, ஒரு கிளாஸ் சூடான கறிச்சாறு சேர்த்துக் கலக்கி, கொதி வந்ததும் அடுப்பை ஆகக் குறைந்த தீக்குக் கொண்டுவாருங்கள். மூடியைச் சற்றே திறந்து வையுங்கள். சாஸ் தளதளவென்று கொதிக்கக் கூடாது. மேலே ஒரு குமிழி மெதுவாக எழுந்து, உடைந்து, சற்று நேரம் கழித்து இன்னோரிடத்தில் அடுத்தது எழ வேண்டும். உங்கள் அடுப்பின் சிம் அதற்கும் அதிகமாக எரிந்தால் பாத்திரத்துக்கு அடியில் ஒரு தோசைக்கல்லை வைத்துவிடுங்கள்.

குறைந்தது இரண்டு மணி நேரம், மூன்று என்றால் இன்னும் நல்லது. கால் மணிக்கு ஒரு தடவை அடி வரை கிளறுங்கள். வறண்டால் ஒரு கரண்டி கறிச்சாறு விடுங்கள், சூடாக. பச்சைத் தண்ணீர் விட்டால் வேகும் கறி திடீரென்று அடங்கிப்போகும்.

பாதி நேரம் கடந்ததும் வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். தக்காளியின் புளிப்பால் முதலில் சிறு சிறு திரிதிரியாகத் தெரியலாம். பயப்பட வேண்டாம், வேக வேகக் கலந்துவிடும். பால் அவரவர் விருப்பம் என்றுதான் பதிவில் இருக்கிறது. நான் பாலைத் தவிர்த்ததே இல்லை, அந்தப் புளிப்பை ஆற்றிச் சாஸை வெண்ணெய்போல ஆக்குவது பால்தான். உப்பும் மிளகும் கடைசியில். பேன்செட்டாவில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது, சாஸும் சுண்டியிருக்கும், ருசி பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பாஸ்தா

பொலோனியாவில் ராகுவின் ஜோடி தாலியாதெல்லே, முட்டை சேர்த்துப் பிசைந்து ரிப்பனாக வெட்டிய பாஸ்தா. வெந்த பிறகு அதன் அகலம் 8 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்று 1972-ல் தங்கத்தில் ஒரு மாதிரியே செய்து அதே வணிகக் கழகத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த ஊர் பாஸ்தாவை அவ்வளவு அக்கறையோடு பார்க்கிறது. அகலமும் சொரசொரப்பும் இருப்பதால் கறி அதைப் பற்றிக்கொள்ளும். வழுவழுப்பான ஸ்பகெட்டியில் கறி வழுக்கிக் கீழே தங்கிவிடும்.

100 கிராம் பாஸ்தாவுக்கு 1 லிட்டர் தண்ணீர், 10 கிராம் உப்பு. பாக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்பே எடுத்து, அகலமான வாணலியில் தேவையான ராகுவோடு சேர்த்து, பாஸ்தா வெந்த தண்ணீர் இரண்டு கரண்டி விட்டுப் புரட்டுங்கள். தட்டில் வைத்து, துருவிய பார்மிஜானோ ரெஜ்ஜானோ சீஸைத் தூவி, ஆறுவதற்குள் பரிமாறுங்கள்.

மீதியை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும். சிறு டப்பாக்களில் பிரித்து ஃபிரீசரில் வைத்தால் மூன்று மாதம். மறுநாள் சூடாக்கும்போது ஒரு கரண்டி தண்ணீர் விட்டு, மறுபடியும் அதே சிறுதீயிலேயே வையுங்கள்.