ரெண்டு லட்சம் கிலோமீற்றர் தாண்டின பழைய காரை வீட்டுலயே பார்க்கிற விதம்

2020 மார்ச்சில இலங்கையில வாகன இறக்குமதியை நிப்பாட்டினதுக்குப் பிறகு பழைய கார்ர விலை ஏறினது ஏறினதுதான், 2025ல திரும்ப விட்டும் அந்த வரியைப் பார்த்தா எங்களைப் போல ஆக்களுக்கு புதுசு எட்டாது. அப்ப கையில கெடக்கிறதைத்தான் கவனமா பார்க்கவேணும். என்ட கார் 1998ஆம் ஆண்டு டொயோட்டா கொரோலா 110, மீற்றர் 240,000 தாண்டிட்டு, மட்டக்களப்பு கல்லடியில இருந்து கல்முனைக்கு கிழமைக்கு மூண்டு தரம் போய் வாறன். புதுசா பழைய கார் எடுத்த தம்பிமார் கனபேர் கேக்கிறதால எழுதுறன்.

முதல் வேலைக்கு ஸ்பேனர் தேவையில்ல. ஒரு பள்ளிக்கூடக் கொப்பியும் பேனையும் எடுத்து காருக்குள்ள போடுங்க. ஞாயித்துக்கிழமை விடிய, எஞ்சின் குளிர்ந்து கெடக்கக்குள்ள, போனட்டைத் திறந்து மீற்றர், ஒயில் எவ்வளவு, தண்ணி எவ்வளவு எண்டு எழுதுங்க. பழைய எஞ்சின் கொஞ்சம் ஒயில் குடிக்கும், அது பரவாயில்ல. போன மாசம் குடிச்சதை விட இந்த மாசம் கூடக் குடிக்குதா எண்டுறதுதான் தெரியவேணும், அது ஞாபகத்தில நிக்காது, கொப்பியிலதான் நிக்கும்.

மறுகா எஞ்சினைக் குளிர வைக்கிற ரேடியேற்றர் தண்ணி. இதைத்தான் நான் கூட எழுதப்போறன், ஏனெண்டா இதுலதான் நான் அடிபட்டன். கார் எடுத்த புதுசில ரிசேவ் போத்தல்ல தண்ணி குறையக் குறைய வீட்டுக் கிணத்துத் தண்ணியை ஊத்திக்கொண்டே இருந்தன், ஏன் குறையுது எண்டு தேடயில்ல. பதுளை ரோட்டால மேல ஏறக்குள்ள சூடு காட்டுற ஊசி சிவப்புக்குப் போய் நிண்டிட்டு. எஞ்சினுக்கும் அதுர மேல் மூடிக்கும் நடுவில அடைச்சு நிக்கிற தகடு, ஹெட் கஸ்கெட், போயிட்டு. கழட்டின ரேடியேற்றருக்குள்ள பார்த்தா செங்கல் கரைச்ச மாதிரி துருச் சேறு, குழாயெல்லாம் வெள்ளைக் காறை. எங்கட கரையோரத்துக் கிணத்துத் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் கூட, அது எஞ்சினுக்கு ஆகாது.

அதால தண்ணிக்குப் பதிலா கூலன்ட்தான், எஞ்சினைக் குளிர வைக்கவெண்டே விக்கிற திரவம், ஊத்தவேணும். தண்ணி கலக்காம விக்கிற கூலன்ட் எண்டா பாதிக்குப் பாதி காய்ச்சி வடிச்ச தண்ணி கலக்கிறது, பற்றரிக்கு விக்கிற தண்ணியே காணும். ரேடியேற்றர் மூடியை சூட்டோட மட்டும் திறக்கவே வேணாம், உள்ளுக்கு அமுக்கத்தில நிக்கிற கொதிதண்ணி முகத்துக்கு அடிக்கும். குளிர்ந்த பிறகு திறந்து மூடியில இருக்கிற ரப்பரை விரலால தடவிப் பாருங்க, வெடிச்சு காய்ஞ்சிருந்தா மூடியை மாத்துங்க, சின்னச் செலவுதான். ஹோஸ் பைப்பை கிளிப் பக்கத்தில அமுக்குங்க, பிஞ்சு வெண்டிக்காய் போல வளைஞ்சு குடுத்தா நல்லம், கல்லு மாதிரி இறுகியிருந்தாலோ ஊதி கொழகொழத்திருந்தாலோ மாத்துற காலம் வந்திட்டு. வெளியில ஒழுக்கே இல்ல, ஆனா தண்ணி குறையுது, பின்னால இனிப்பு மணத்தோட வெள்ளைப் புகையும் வருது எண்டா தண்ணி எஞ்சினுக்குள்ள போய் ஆவியாகுது, காரை ஓட்டாம கராஜ் பாஸுக்கு கோல் எடுங்க.

ஒயில் பார்க்கிறதுக்கு கார் மட்டமான இடத்தில நிக்கவேணும். ஒயில் அளவு பார்க்கிற கம்பியை இழுத்து, துணியால துடைச்சு, திரும்ப முழுசா விட்டு இழுங்க, ரெண்டு அடையாளத்துக்கும் நடுவில இருந்தா சரி. மேல் அடையாளத்தைத் தாண்டி ஊத்துறதும் பிழைதான். ஊத்துற மூடிக்கு அடியில பால்கோப்பி நிறத்தில படிஞ்சிருந்தா தண்ணி கலக்குது எண்டு சந்தேகப்படுங்க, நீலப் புகை எண்டா ஒயில் எரியுது. நான் 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயிலும் பில்டரும் சேர்த்து மாத்துறன். நீங்களே மாத்துறதெண்டா ஜக்கை மட்டும் நம்பி கீழ பூராதிங்க, ஸ்டாண்ட் வச்சு, பின் ரயருக்கு கல்லு குடுத்து, காரை ஒருக்கா ஆட்டிப் பார்த்திட்டுப் பூருங்க. கழிவு ஒயிலை கானுக்குள்ள விட்டா அது வாவிக்குத்தான் போகும், மீன் பிடிச்சுச் சாப்பிடுறது நாங்கதானே, கேனில பிடிச்சு கராஜ்ல குடுங்க.

பற்றரி முனையில வெள்ளையா பச்சையா பூத்திருந்தா முதல் மைனஸ் (-) முனையைக் கழட்டி, அப்பச்சோடா கரைச்ச சுடுதண்ணியால தேய்ச்சு, காயவிட்டு வஸ்லின் பூசுங்க. வோல்ட் மீற்றர் வச்சுப் பார்த்தா நிண்ட கார்ல 12.6 வோல்ட், ஸ்டார்ட் பண்ணினா 14க்குக் கிட்ட வரவேணும்.

பிரேக் ஒயில் காத்தில இருக்கிற ஈரத்தை உறிஞ்சும், ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா மாத்துங்க. பிரேக் கழட்டுறதும், எஞ்சின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற ரைமிங் பெல்ட்டை மாத்துறதும் வீட்டு வேலையில்ல. பெல்ட் எப்ப மாத்தினது எண்டு முன்னம் வச்சிருந்தவருக்குத் தெரியாட்டி, மாத்தயில்ல எண்டே நினைச்சு மாத்துங்க.

கடைசியா துரு. கடற்கரைப் பக்கம் வீடு உள்ளாக்கள் கிழமைக்கு ஒருக்கா கீழ்ப்பக்கத்துக்கும் மட்கார்ட்டுக்குள்ளயும் ஹோஸ் பிடிச்சு உப்பைக் கழுவுங்க. கதவைத் திறந்து அடி விளிம்பைத் தடவினா சின்னச் சின்ன ஓட்டை தட்டுப்படும், உள்ள போற மழைத்தண்ணி வடியத்தான் அது. மண் அடைச்சா தண்ணி உள்ளுக்கே நிண்டு கதவு அடியில இருந்து உக்கும். மார்கழி மழை தொடங்க முதல் தென்னை ஈர்க்கு ஒண்டை எடுத்து ஒவ்வொரு ஓட்டையா குத்திவிடுங்க, என்ட கார்ர பின் கதவில முதல் தரம் குத்தினபோது அரைக் கோப்பை கறுத்தத் தண்ணி கொட்டிச்சு.