படிகத்தைப் புரோமினில் முக்கி எடுத்ததோடு விட்டுவிடாதீர்கள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் ஆய்வகங்களில் காமா கதிர் உணரிகளோடு மல்லுக்கட்டும் நம் மாணவர்களுக்கு: உணரியில் கதிரை மின்குறிகையாக மாற்றும் காட்மியம் துத்தநாக டெல்லூரைடு படிகத்தை மெருகேற்றியபின், 2 முதல் 5 சதவீதப் புரோமின் கலந்த மெத்தனாலில் அரித்தால் கீறல்கள் நீங்கிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பில் மயங்க வேண்டாம். மேற்பரப்பில் டெல்லூரியம் மிகுந்த படலம் தங்கிவிடுகிறது. அதன் வழியே மின்னோட்டம் கசியும், மின்குறிகையில் இரைச்சல் கூடும். பொன் மின்முனை பூசியபின், அம்மோனியம் புளோரைடும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்த கரைசலில் சில நிமிடங்கள் வைத்தால் படிகத்தின் பக்கங்களில் ஆக்சைடு படலம் உருவாகிக் கசிவு குறையும். பிறகு உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய கலனில் வையுங்கள். நம் ஊர்ப் பிப்ரவரிப் புழுக்கத்துக்குத் திறந்த மேசை ஆகாது. புரோமின் வேலை புகை உறிஞ்சும் பெட்டிக்குள் மட்டுமே. சிந்திய புரோமினைச் செயலிழக்கச் செய்யும் சோடியம் தயோசல்பேட் கரைசல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். புளோரைடும் லேசுப்பட்டதல்ல, கையுறை கட்டாயம்.