போனிலிருந்து விவரம் கசிவதைக் குறைப்பது எப்படி? தொடக்கநிலையினருக்கு

கூகுளில் ஒரு சப்பாத்தைத் தேடிப் பார்த்தால், அடுத்த நாள் பேஸ்புக் முழுக்கச் சப்பாத்து. போன் நாம் கதைப்பதை ஒட்டுக்கேட்கிறது என்று மட்டக்களப்பில் பலர் நம்புகிறார்கள். அந்தச் சிரமம் கம்பனிகளுக்குத் தேவையே இல்லை. நீங்கள் பார்த்த பக்கம், போன இடம், வாங்கிய பொருள் எல்லாம் ஏற்கெனவே வெவ்வேறு கம்பனிகளிடம் சேர்ந்து கிடக்கின்றன. அவை ஒரே ஆளுடையவை என்று பொருத்திப் பார்க்க ஓர் எண் இருந்தால் போதும். அதனால் எண்களிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: விளம்பர ஐடியை அழியுங்கள்

அன்ட்ரொய்ட் போன்களில் விளம்பரத்துக்கென்றே ஒரு ஐடி, அதாவது அடையாள எண், இருக்கிறது. போனில் உள்ள செயலிகள் எல்லாவற்றுக்கும் தெரிவது அதே எண்தான். செட்டிங்ஸ், பிறகு கூகுள், பிறகு ஆட்ஸ் என்று போனால் ‘டிலீட் அட்வர்டைசிங் ஐடி’ என்று இருக்கும். சில போன்களில் இது பிரைவசி பகுதிக்குள் ஒளிந்திருக்கும். கண்ணில் படாவிட்டால் செட்டிங்ஸின் மேலே உள்ள தேடல் பெட்டியில் ஆட்ஸ் என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடுங்கள். அழித்த பிறகு செயலிகளுக்கு வெறும் பூச்சியங்கள்தான் தெரியும். விளம்பரம் நிற்காது, ஆனால் உங்களைக் குறிவைத்து வருவது குறையும்.

ஐபோன் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி அன்ட் செக்யூரிட்டி, அதற்குள் ட்ராக்கிங். அங்கே இருக்கிற சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

படி 2: அனுமதிகளைப் பிடுங்குங்கள்

டோர்ச் லைட் செயலிக்கு நீங்கள் நிற்கிற இடம் எதற்கு? அமெரிக்காவில் இப்படி ஒரு டோர்ச் செயலி, பாவனையாளர்களின் இருப்பிடத்தை விளம்பரக் கம்பனிகளுக்குக் கொடுத்ததாக 2013 இல் அந்நாட்டு வர்த்தக ஆணைக்குழு நடவடிக்கை எடுத்தது. அதைப் பல கோடித் தடவை இறக்கியிருந்தார்கள்.

அன்ட்ரொய்ட் என்றால் செட்டிங்ஸில் ‘பெர்மிஷன் மனேஜர்’ என்று தேடித் திறங்கள். முதலில் லொக்கேஷன். வரைபடத்துக்கும் வாடகை வாகனச் செயலிக்கும் ‘பாவிக்கும்போது மட்டும்’ போதும், மற்றவற்றுக்கு வேண்டாம். அடுத்தது கொன்டாக்ட்ஸ். என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். ஏனென்றால் நீங்கள் கொடுப்பது உங்கள் விவரத்தை அல்ல. அழைப்பவர் பெயரைக் காட்டுகிற செயலிகளுக்குப் பெயர்கள் எங்கிருந்து வருகின்றன என்று நினைக்கிறீர்கள்? பெரும்பாலும் ஊராரின் போன் புத்தகங்களிலிருந்துதான். நீங்கள் ‘கல்லடி மாமி’ என்று சேமித்தவரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. கடன் தருகிற செயலி கொன்டாக்ட்ஸ் கேட்டால் அந்த இடத்திலேயே அழித்துவிடுங்கள். காசு கட்டப் பிந்தினால் அவர்கள் யாருக்கு அழைப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

படி 3: கூகுள் கணக்கு

இது சுருக்கமான வேலை. கூகுளில் நீங்கள் தேடியதும் பார்த்ததும் பதிவாகிற ‘மை அக்டிவிட்டி’ பக்கத்தில் ‘ஓட்டோ டிலீட்’டை 3 மாதமாக வையுங்கள், அதைவிடப் பழையவை தானாகவே அழியும். அவ்வளவுதான்.

படி 4: அடையாள அட்டை இலக்கம்

இங்கே கொஞ்சம் நில்லுங்கள், இது போனுக்கு வெளியே நடப்பது. இலங்கையின் பழைய அடையாள அட்டையின் இலக்கம் 85645 என்று தொடங்கினால், முதல் இரண்டும் பிறந்த ஆண்டு, 1985. அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டுவார்கள். ஆகவே இவர் ஒரு பெண், பிறந்தது 145ஆம் நாள். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்று எண்ணுவதால் அது மே 24. 2016 முதல் வந்த 12 இலக்க அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டை மட்டும் முழுதாக எழுதுகிறார்கள்.

ஆக, இலக்கத்தைச் சொன்னால் பிறந்த நாளும் போய்விட்டது. பலருக்குப் பாஸ்வேர்டும் அதுதான் என்பது வேறு கதை. வங்கி, சிம், அரச அலுவலகம் என்றால் கொடுக்கத்தான் வேண்டும். காத்தான்குடியிலோ கல்முனையிலோ துணிக்கடையில் விலைக்கழிவு அட்டைக்காகக் கேட்டால், “எதுக்குத் தம்பி?” என்று கேளுங்கள். போன் நம்பருக்கும் அதே கேள்விதான். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் விவரம் எடுப்பவர் நோக்கத்தைச் சொல்ல வேண்டும் என்கிறது. கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

போட்டோக் கொப்பி கொடுத்தே ஆக வேண்டுமென்றால், குறுக்கே இரண்டு கோடு போட்டு, யாருக்கு, எதற்கு, எந்தத் திகதி என்று பேனையால் எழுதிக் கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் அப்படி எழுதிய கொப்பியைப் படம் எடுத்து அனுப்புங்கள், அட்டையை அல்ல.