மண்டபத்துக்கு முன்னால் பங்குத்தந்தை: கோயில் கல்யாணத்துக்கு வேண்டிய தாள்கள்

கத்தோலிக்க வீடுகளில் பல கல்யாணங்கள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதில் தொடங்குகின்றன. பத்திரிகை அடித்த பிறகுதான் பங்குத்தந்தையை, அதாவது தங்கள் கோயிலுக்குப் பொறுப்பான குருவைப் பார்க்கிறார்கள், சிக்கலும் அங்கேதான் தெரியவருகிறது. தேதி குறிக்கும் முன்பே, குறைந்தது மூன்று மாத இடைவெளி விட்டுப் பங்கு அலுவலகத்துக்குப் போய்விடுங்கள்.

திருமுழுக்குச் (ஞானஸ்நானம்) சான்றிதழ் புதிதாக, ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். பீரோவில் இருக்கும் பழைய தாள் உதவாது. உறுதிபூசுதல், திருமணம், குருத்துவம் எல்லாம் திருமுழுக்குப் பதிவேட்டில்தான் குறிக்கப்படும். புதுச் சான்றிதழில் அந்தக் குறிப்புகளும் வரும். திருமுழுக்குப் பெற்ற பங்கிலிருந்துதான் வாங்க முடியும். பதிவேட்டில் ‘அந்தோணியம்மாள்’, ஆதாரில் ‘நிர்மலா’ என்றிருந்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள். உறுதிபூசுதல் சான்றும் திருமணத் தயாரிப்புப் பயிற்சிச் சான்றும் கூடவே வேண்டும்.

சொந்தத்தில் கட்டுகிறீர்களா? அப்படியானால் உறவை எண்ண வேண்டும். திருச்சபைச் சட்டப்படி பக்கவழி உறவில் நான்காம் படி வரை தடை. பொது மூதாதையரை விட்டுவிட்டு, இரு கிளையிலும் உள்ள ஆட்களை எண்ணுங்கள், அதுதான் படி. பையன், அவன் அம்மா, அம்மாவின் அண்ணன், அவர் மகள்: நான்கு. ஆக, மாமன் மகளுக்குத் தடை உண்டு. பெண், அவள் அம்மா, தாய்மாமன்: மூன்று, இன்னும் நெருக்கம். பெண்ணின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தம்பி என்றால் ஐந்து, தடை இல்லை. முறைப்பெண், முறைமாப்பிள்ளை என்பது நம் ஊர்க் கணக்கு. இந்தப் படிக் கணக்கில் திருச்சபை எண்ணுவது இரத்த உறவைத்தான்.

மூன்றாம் படிக்கும் நான்காம் படிக்கும் ஆயர் (பிஷப்) விதிவிலக்கு தரலாம். தருவார் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தாய்மாமன் என்றால் காரணம் மிக வலுவாக இருக்க வேண்டும். மனு பங்குத்தந்தை வழியாக ஆயர் இல்லத்துக்குப் போகும். உறவை மறைத்து, விதிவிலக்கு இல்லாமல் நடத்தினால் அந்தத் திருமணமே செல்லாது. திருமுழுக்குப் பெறாதவரை மணப்பதற்கும் இதே நிலைதான். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபையில் முறையாகத் திருமுழுக்குப் பெற்றவர் என்றால் ஆயரின் அனுமதி போதும்.

அடுத்தது ஓலை, அதாவது கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு. வழக்கமாக மூன்று ஞாயிறு, இருவர் பங்கிலும் வாசிப்பார்கள். இரண்டில் கல்யாணம் எந்தப் பங்கில் நடக்கவில்லையோ, அந்தப் பங்கிலிருந்து ‘தடை எதுவும் வரவில்லை’ என்று எழுத்தில் வாங்கிக் கொடுக்க வேண்டும். தவக்காலத்திலும் திருவருகைக் காலத்திலும் பெரும்பாலான பங்குகளில் கல்யாணம் வைப்பதில்லை, நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலர் கவனிக்காத ஒன்று: சொந்தத்தில் குருவாக இருக்கும் ஒருவர் வந்து கல்யாணத்தை நடத்தி வைக்கப் போகிறார் என்றால், கல்யாணம் நடக்கும் பங்கின் பங்குத்தந்தை அவருக்கு அதிகாரம் கொடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் அவர் மணமக்களின் சம்மதத்தைக் கேட்டால், குரு என்பதால் மட்டும் திருமணம் செல்லுபடியாகிவிடாது. முன்கூட்டியே எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

திருமணப் பதிவேட்டில் கையெழுத்திடும் முன், பெயர், பிறந்த தேதி, இரண்டு சாட்சிகளின் பெயர் மூன்றையும் எழுத்துக்கூட்டிப் படியுங்கள். கல்யாணம் நடந்ததைத் இருவரும் திருமுழுக்குப் பெற்ற பங்குகளுக்கு, கல்யாணம் நடந்த பங்கின் பங்குத்தந்தை தெரிவிக்க வேண்டும். ஒரு மாதம் கழித்து, அங்கே குறிப்பு ஏறிவிட்டதா என்று கேளுங்கள்.