ஜாவாஸ்கிரிப்டில் மாறிகள்: டீக்கடை பில் போட்டுப் பழகலாம்

ஜாவாஸ்கிரிப்ட் ஒரு நிரல் மொழி. அதில் ஒரு மதிப்பை வைத்துக்கொள்ள நாம் கொடுக்கும் பெயர்தான் மாறி. இதைப் பழகத் தனியாக எந்த மென்பொருளும் நிறுவ வேண்டாம். கணினியில் குரோமைத் திறந்து, காலியான ஒரு டேபில் எஃப்12 அழுத்துங்கள். வரும் பலகத்தில் கன்சோல் என்பதைத் தேர்ந்தெடுங்கள். எல்லாவற்றையும் அங்கேயே அடித்துப் பார்க்கலாம்.

கீழே லெட், கான்ஸ்ட், பிராம்ப்ட், நம்பர் என்று வருபவற்றை மட்டும் ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள். கான்ஸ்ட் என்பது கான்ஸ்டன்ட் என்ற சொல்லின் முதல் ஐந்து எழுத்து. நம்பரின் முதல் எழுத்து பெரியது, மற்றதெல்லாம் சிறிய எழுத்து. மாறியின் பெயர் தமிழிலேயே இருக்கலாம், ஜாவாஸ்கிரிப்ட் ஏற்றுக்கொள்ளும். பெயருக்கு நடுவே இடைவெளி கூடாது, எண்ணில் தொடங்கவும் கூடாது.

படி 1: அறிவித்தல்

லெட், கான்ஸ்ட் இரண்டும் புது மாறியை அறிவிக்கும், அதாவது உருவாக்கும்.

கான்ஸ்ட் டீவிலை = 15;
லெட் எண்ணிக்கை = 2;

ஒவ்வொரு வரிக்கும் என்டர் தட்டியதும் அன்டிஃபைன்ட் என்று வரும். பயப்படாதீர்கள், அது பிழை அல்ல. திருப்பிக் காட்ட அந்த வரியிடம் மதிப்பு எதுவும் இல்லை, அவ்வளவுதான். எண்ணிக்கை என்று மட்டும் அடித்தால் 2 வரும்.

படி 2: கணக்குப் போடுதல்

லெட் மொத்தம் = டீவிலை * எண்ணிக்கை;

மொத்தம் 30. இன்னொரு நண்பர் வந்துவிட்டார், ஒரு டீ கூடுதல்:

எண்ணிக்கை = எண்ணிக்கை + 1;

ஒரு முறை அறிவித்தாயிற்று, அதனால் மறுபடி லெட் போடவில்லை. சரி, இப்போது மொத்தம் எவ்வளவு? 45 என்றுதான் தோன்றும். அடித்துப் பாருங்கள், 30 தான் வரும்!

புதிதாகக் கற்பவர்கள் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. பள்ளிக் கணக்கில் வரும் சமக்குறி வேறு, இது வேறு. வலப்பக்கத்தைக் கணக்கிட்டு, விடையை இடப்பக்கப் பெயரில் வை என்பது இங்கே கட்டளை. லெட் மொத்தம் என்ற வரி ஓடியபோதே கணக்கு முடிந்துவிட்டது. மொத்தத்தில் இருப்பது 30 என்ற எண் மட்டும். அது எப்படி வந்தது என்பது அதற்குத் தெரியாது. புது விடை வேண்டுமென்றால் நாம்தான் மறுபடி கேட்க வேண்டும்:

மொத்தம் = டீவிலை * எண்ணிக்கை;

இப்போது 45.

படி 3: லெட்டா, கான்ஸ்ட்டா?

டீவிலை = 18; என்று அடியுங்கள். சிவப்பில் டைப் எரர் என்ற பிழைச் செய்தி வரும். கான்ஸ்ட் போட்டதன் பயனே இதுதான்: மாறக்கூடாத ஒன்றைத் தெரியாமல் மாற்றினால் உடனே பிடித்துவிடும். எதையும் முதலில் கான்ஸ்ட் என்றே எழுதுங்கள், மாற்றியாக வேண்டும் என்றால் மட்டும் லெட். பழைய நிரல்களில் வார் என்றும் பார்ப்பீர்கள். 2015இல், ஜாவாஸ்கிரிப்டுக்கான எக்மாஸ்கிரிப்ட் 6 தரநிலையில்தான் லெட்டும் கான்ஸ்ட்டும் சேர்ந்தன. இஃப் தொகுதிக்குள் (நிபந்தனை சரியானால் மட்டும் ஓடும் பகுதி) வார் போட்டு அறிவித்தது வெளியிலும் தெரியும், அதனால் புது நிரலில் அது வேண்டாம்.

படி 4: பயனரிடம் கேட்டு வாங்குதல்

லெட் பதில் = பிராம்ப்ட்("எத்தனை டீ?");

பெட்டியில் 2 கொடுங்கள். பதில் * 15 என்றால் 30, சரியாக இருக்கிறது. பதில் + 1 என்று அடித்தால் '21' வருகிறது. பெட்டியில் அடித்ததை பிராம்ப்ட் எப்போதும் எழுத்துச் சரமாகவே, அதாவது எண்ணாக இல்லாமல் வெறும் எழுத்துகளின் வரிசையாகவே, தரும். பெருக்கல் குறி அதைத் தானே எண்ணாக்கிக்கொள்ளும், கூட்டல் குறியோ ஒட்ட வைத்துவிடும். பெருக்கல் சரியாக வந்ததை நம்பி விட்டுவிட்டால், பிழை வேறெங்கோ போய் முளைக்கும். அதனால் வாங்கிய கையோடு மாற்றிவிடுங்கள்:

பதில் = நம்பர்(பதில்);

இனி பதில் + 1 என்றால் 3.