புது டிஸ்பிளே வாங்குவதற்கு முன்: பின்பால் மெஷினில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பின்பால் மெஷினின் (குண்டைத் தட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி) ஸ்கோர் காட்டும் டிஸ்பிளே இருண்டு போனால், பெரும்பாலோர் முதலில் செய்வது புது டிஸ்பிளேவுக்கு ஆர்டர் கொடுப்பதுதான். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் உட்கார்ந்துகொண்டு அமெரிக்காவிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ அதை வரவழைக்க வேண்டும். பொருளின் விலை ஒரு பக்கம், அனுப்பும் செலவும் சுங்க வரியும் இன்னொரு பக்கம். வந்து சேர்ந்ததும் ஆசையாக மாட்டி, சுவிட்சைப் போட்ட பத்தே நிமிடத்தில் அதுவும் இருண்டு போனால் வயிறு எரியும். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கம் மூடிப்போன டீ ரூம்களில் (தெருமுனைச் சின்னக் கடைகளில்) இருந்து வீட்டு கராஜுக்கு வந்து சேர்ந்த பழைய மெஷின்கள் பலவற்றுக்கு இதே கதை நடக்கிறது. பழைய டிஸ்பிளேயைக் கொன்ற கோளாறு, அதற்கு மின்சாரம் தரும் சர்க்யூட் போர்டிலேயே உட்கார்ந்திருக்கும். அதை விட்டுவிட்டுப் புதியதை மாட்டினால் அதையும் அது விடாது.

நான் இங்கே பேசுவது முக்கியமாக 1991 முதல் 1998 வரை வில்லியம்ஸ், பாலி பெயர்களில் வந்த டபிள்யூ.பி.சி. (வில்லியம்ஸ் பின்பால் கன்ட்ரோலர்) வகை மெஷின்களைப் பற்றி. அவற்றில் இருப்பது 128-க்கு 32 புள்ளிகள் கொண்ட பிளாஸ்மா டிஸ்பிளே. மொத்தம் 4,096 புள்ளிகள், ஆரஞ்சு நிறத்தில் எரியும். அந்தப் புள்ளிகள் எரிய மூன்று உயர் மின்னழுத்தங்கள் வேண்டும்: மைனஸ் 125, மைனஸ் 113, பிளஸ் 62 வோல்ட். அதோடு சாதாரண 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும்.

முதலில் உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். மைனஸ் 125-க்கும் பிளஸ் 62-க்கும் நடுவே 187 வோல்ட் வித்தியாசம் இருக்கிறது. பழைய பாலி மெஷின்களின் ஏழு இலக்க டிஸ்பிளேக்களுக்கு 170 முதல் 190 வோல்ட் வரை போகும். சுவிட்சை அணைத்த பிறகும் கப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கி நிற்கும். பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள், சில நிமிடம் பொறுங்கள், மீட்டரை வைத்து வோல்ட் இறங்கிவிட்டதா என்று பார்த்த பிறகே கை வையுங்கள். மெஷின் ஓடும்போது ரிப்பன் கேபிளையோ பவர் கனெக்டரையோ கழற்றி மாட்டவே கூடாது.

ஃபியூஸில் கஞ்சத்தனமும் அவசரமும்

டிஸ்பிளே கன்ட்ரோலர் போர்டில் எஃப்601, எஃப்602 என்று இரண்டு ஃபியூஸ் உண்டு. இரண்டும் 3/8 ஆம்ப், அதாவது 0.375 ஆம்ப், மெதுவாக எரியும் ஸ்லோ ப்ளோ வகை. இந்த அளவு நம் பக்கத்து ஹார்ட்வேர் கடையில் சுலபமாகக் கிடைக்காது. அதனால் கையில் கிடைத்த 1 ஆம்ப், 2 ஆம்ப் ஃபியூஸைச் சொருகிவிடுகிறார்கள். சிலர் சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளைச் சுற்றுகிறார்கள். இதைவிடப் பெரிய தவறு இந்த வேலையில் இல்லை. அளவு கிடைக்காவிட்டால் 0.315 ஆம்ப் போடுங்கள். கீழே இறங்கினால் நஷ்டம் ஒரு ஃபியூஸ், மேலே ஏறினால் நஷ்டம் ஒரு போர்டு.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு மாமா, "தம்பி, கடைக்காரன் கெட்டுப்போன டிஸ்பிளேயை என் தலையில் கட்டிவிட்டான்" என்று கூப்பிட்டார். போய்ப் பார்த்தால் எஃப்601 இருந்த இடத்தில் பளபளவென்று ஒரு 2 ஆம்ப் ஃபியூஸ். டிஸ்பிளேயைக் கழற்றிவிட்டு அளந்தேன். பிளஸ் 62 வர வேண்டிய இடத்தில் மீட்டர் 90-ஐத் தாண்டி நின்றது. வோல்ட்டை அடக்கி வைக்கும் ட்ரான்சிஸ்டர் உள்ளுக்குள் ஷார்ட் ஆகி, அடங்காத மின்சாரத்தை அப்படியே அனுப்பிக்கொண்டிருந்தது. போர்டின் அந்த மூலை பழுப்பேறி, ரெசிஸ்டர் கால்களைச் சுற்றி சால்டர் வெடித்து மோதிரம் போட்டிருந்தது. "அப்படியென்றால் கடைக்காரன் மேல் தப்பில்லையா?" என்று கேட்டார் மாமா. இல்லை மாமா, அனுப்பிய டிஸ்பிளே நல்லதுதான் என்றேன். அவருக்கு அதுதான் அதிக வருத்தமாகப் போய்விட்டது.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள். ஹோல்டரில் இருக்கும்போதே மீட்டர் வைத்தாலும் வேறு வழியாகச் சுற்றி வந்து பீப் சத்தம் கேட்கலாம். ஒரு முனையையாவது வெளியே எடுத்து அளக்க வேண்டும்.

அளக்காமல் மாட்டுவது

இதைச் செய்ய அரை மணி நேரம்கூட ஆகாது, ஆனாலும் யாரும் செய்வதில்லை. டிஸ்பிளேவுக்குப் போகும் பவர் கனெக்டரை டிஸ்பிளே பக்கத்தில் கழற்றுங்கள். மெஷினைப் போடுங்கள். மீட்டரின் கறுப்பு ப்ரோபை (அளக்கும் முனையை) மெஷினின் கிரவுண்டில் க்ளிப் போட்டு நிறுத்திவிட்டு, ஒரே கையால் சிவப்பு ப்ரோபை மட்டும் நகர்த்தி கன்ட்ரோலர் போர்டில் அளந்து பாருங்கள். போர்டில் டெஸ்ட் பாயிண்ட் இருந்தால் அங்கேயே வையுங்கள். கனெக்டரின் பின்களுக்கு நடுவே ப்ரோப் வழுக்கினால் நல்ல போர்டும் போய்விடும்.

டிஸ்பிளே மாட்டாதபோது எண்கள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அது பரவாயில்லை. கவனிக்க வேண்டியது வேறு. மைனஸ் 125-க்கும் மைனஸ் 113-க்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ 12 வோல்ட்டாக இருக்க வேண்டும். அதை நிர்ணயிப்பது, வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ஒரு சின்ன 12 வோல்ட் ஜீனர் டயோடு. இரண்டும் ஒரே எண்ணைக் காட்டினாலோ இடைவெளி எக்கச்சக்கமாக இருந்தாலோ அந்த ஜீனர் போய்விட்டது என்று சந்தேகப்படலாம். டிஸ்பிளே மாட்டாமலே ஃபியூஸ் எரிந்தால் கோளாறு போர்டில். வோல்ட் எல்லாம் சரியாக இருந்து, பழைய டிஸ்பிளேயை மாட்டியதும் சரசரவென்று இறங்கினால் டிஸ்பிளேதான் அளவுக்கு மீறி இழுக்கிறது. வயதான பிளாஸ்மா கண்ணாடிக்குள் வாயு கெட்டுப்போனால் இப்படித்தான் நடக்கும். மங்கலாகத் தெரியும், நடுங்கும், அப்புறம் தன்னோடு போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

திரை எப்படிக் கெட்டிருக்கிறது என்பதும் வழி காட்டும். ஒரே ஒரு வரிசையோ ஒரு நெடுக்குக் கோடோ மட்டும் எரியவில்லை என்றால் பெரும்பாலும் டிஸ்பிளேயின் கோளாறு. படம் சிதறி, குப்பையாகத் தெரிந்தால் முதலில் 14 பின் ரிப்பன் கேபிளைப் பாருங்கள். சத்தம் வருகிறது, ஆட்டம் ஓடுகிறது, திரை மட்டும் கறுப்பு என்றால் மெயின் போர்டைச் சந்தேகிக்காதீர்கள், ஃபியூஸுக்கும் உயர் மின்னழுத்தத்துக்கும் போங்கள்.

ஒரு பின் தள்ளி மாட்டுவது

கன்ட்ரோலரிலிருந்து புறப்படும் பவர் கனெக்டர் ஜே604. எட்டு இடம். ஒன்றாவது மைனஸ் 125, இரண்டாவது மைனஸ் 113, மூன்றாவது இடம் காலி, நான்கும் ஐந்தும் கிரவுண்ட், ஆறாவது 5 வோல்ட், ஏழாவது 12 வோல்ட், எட்டாவது பிளஸ் 62. அந்தக் காலி இடத்தில் ஒரு பிளாஸ்டிக் அடைப்பு இருக்கும், கனெக்டர் தப்பாக உட்காராமல் தடுப்பது அதுதான். பழைய மெஷின்களில் யாரோ எப்போதோ அதைப் பிடுங்கிப் போட்டிருப்பார்கள். ஒரு இடம் தள்ளி உட்கார்ந்தால் 12 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 62 வோல்ட் போகும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போகும். சுவிட்சைப் போட்ட கணமே டிஸ்பிளேயின் சிப்புகள் போய்விடும். மாட்டுவதற்கு முன் ஃபோனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ரிப்பன் கேபிளின் சிவப்புக் கோடு ஒன்றாம் பின் பக்கம் இருக்க வேண்டும்.

நம் டர்பனில் இன்னொன்றும் உண்டு. கடல் காற்றும் ஈரமும் கனெக்டர் பின்களைப் பச்சை பிடிக்க வைக்கின்றன. ஸ்ப்ரே அடித்துத் துடைத்தால் கொஞ்ச நாள் ஓடும், அவ்வளவுதான். கறுத்துப்போன பின்னை வெட்டிப் புதியதைக் க்ரிம்ப் செய்வதே (நசுக்கிப் பொருத்துவதே) நிரந்தர வைத்தியம்.

பிளாஸ்மா கண்ணாடியில் காற்றை உறிஞ்சி மூடிய ஒரு சின்னக் கண்ணாடிக் காம்பு நீட்டிக்கொண்டிருக்கும். நகம் அளவுதான் இருக்கும். அது உடைந்தால் டிஸ்பிளே அன்றோடு சரி. கண்ணாடியை மேசையில் படுக்க வைக்கும்போதும், நட்டை இறுக்கும்போதும் அந்தக் காம்பின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

எல்.இ.டி. டிஸ்பிளே போடுகிறவர்கள் செய்வது

இப்போது பலரும் பிளாஸ்மாவை விட்டு எல்.இ.டி. டிஸ்பிளேவுக்கோ, கலர்டிஎம்டி என்ற வண்ணத் திரைக்கோ மாறுகிறார்கள். எனக்குப் பழைய ஆரஞ்சு வெளிச்சம்தான் பிடிக்கும். ஆனால் உயர் மின்னழுத்தமே வேண்டாம் என்பது எல்.இ.டி.யின் பெரிய வசதி, அதை மறுக்க முடியாது. அப்படி மாறும்போது எஃப்601, எஃப்602 இரண்டையும் கழற்றிவிடுங்கள். தேவையில்லாத அந்தப் பகுதி சூடாவதும் நிற்கும், ஒரு நாள் வெடிப்பதும் நிற்கும். 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் அந்த ஃபியூஸ்கள் வழியாக வருவதில்லை, அதனால் ஆட்டத்துக்கு ஒன்றும் ஆகாது. கழற்றியதை ஒரு சீட்டில் எழுதி, போர்டுகள் இருக்கும் பேக்பாக்ஸுக்குள் ஒட்டி வையுங்கள். நாளைக்கு வேறு யாராவது பிளாஸ்மாவைத் திரும்பப் போட்டால் காரணம் தெரியாமல் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

சில எல்.இ.டி. டிஸ்பிளேக்கள் 5 வோல்ட்டிலிருந்து இழுக்கும். பெரும்பாலான டபிள்யூ.பி.சி. பவர் போர்டுகளில் 5 வோல்ட் தருவது எல்.எம்.323கே என்ற 3 ஆம்ப் ரெகுலேட்டர். அதற்கு முன்னால் ஏ.சி.யை டி.சி. ஆக்கும் பி.ஆர்.2 என்ற ப்ரிட்ஜும், சி5 என்ற 15,000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் இருக்கின்றன. முப்பது வருடம் ஓடிய மெஷினில் இவை இரண்டும் களைத்துப் போயிருக்கும். புது டிஸ்பிளே கூடுதல் சுமை கொடுத்ததும், குண்டைத் தட்டும் இரண்டு ஃப்ளிப்பரையும் ஒன்றாக அழுத்தினால் மெஷின் ரீசெட் ஆகும். உடனே புது டிஸ்பிளேதான் கெட்டது என்று திருப்பி அனுப்பக் கிளம்பிவிடுகிறார்கள். முதலில் 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். 4.9-க்குக் குறையாமல் இருந்தால் நல்லது, 4.8-க்குக் கீழே போனால் வேலை பவர் போர்டில் இருக்கிறது.

சுவரிலிருந்து வரும் தவறுகள்

அமெரிக்காவிலிருந்து கண்டெய்னரில் வந்த மெஷின் 115 வோல்ட்டுக்குக் கட்டியது. நம் நாட்டில் 230. ட்ரான்ஸ்ஃபார்மர் ஜம்பரை அந்த மெஷினின் மேனுவல்படி மாற்ற வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். கூடவே மாற்ற வேண்டியவற்றை மறந்துவிடுகிறார்கள்: மெயின் ஃபியூஸ் 8 ஆம்பிலிருந்து 5 ஆம்புக்கு இறங்க வேண்டும், மின்னழுத்த எகிறலைத் தடுக்க பவர் பாக்ஸில் உள்ள வேரிஸ்டரும் 230-க்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 115-க்கான வேரிஸ்டர் 230 பட்டதும் வெடிக்கும்.

பிளக் மாற்றும்போது நிறத்தை நம்பி ஏமாறுவதும் அடிக்கடி நடக்கிறது. நம் பழைய வீட்டு வயரிங்கில் சிவப்பு லைவ், கறுப்பு நியூட்ரல். அமெரிக்க வயரில் கறுப்புதான் லைவ், வெள்ளை நியூட்ரல், பச்சை எர்த். பழக்க தோஷத்தில் கறுப்பை நியூட்ரலில் கொடுத்தால் மெஷின் ஓடத்தான் செய்யும். ஆனால் ஃபியூஸ் நியூட்ரல் பக்கம் போய்விடும். ஃபியூஸ் எரிந்து எல்லாம் அணைந்து கிடக்கும்போதும் உள்ளே லைவ் நிற்கும், அப்போது கை வைத்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. எர்த் லீக்கேஜ் ட்ரிப் ஆகிறது என்பதற்காக எர்த் வயரை வெட்டி விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ட்ரிப் ஆவது எங்கோ மின்சாரம் கசிகிறது என்று சொல்வதற்குத்தான். அந்தக் கசிவைத் தேடிப் பிடியுங்கள்.

லோட் ஷெடிங் நாட்களில் மின்சாரம் திரும்பி வரும்போது அடிக்கும் எகிறலில் போன போர்டுகள் ஏராளம். கரண்ட் போனதுமே பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள், திரும்பி வந்து சில நிமிடம் கழித்துப் போடுங்கள். மலிவான இன்வெர்ட்டரில் வைத்துக் கோளாறு தேடவும் வேண்டாம். அதன் வெட்டு அலையில் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும், மீட்டர் காட்டும் எண்களையும் முழுதாக நம்ப முடியாது. சுவர் மின்சாரம் வரும்வரை மூடி வைத்துவிட்டு, அப்புறம் அளந்து கொள்ளலாம்.