சிறிய வால்வு கிட்டார் ஆம்பிளிஃபயர் கட்டுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிறுதோறும் கூடும் சந்தையில் பழைய வால்வு (வெற்றிடக் குழல்) ரேடியோ ஒன்று கண்ணில் பட்டால், அதைப் பிரித்தெடுத்து ஐந்து வாட் கிட்டார் ஆம்பிளிஃபயர் ஒன்றைக் கட்டிவிடலாம் என்ற ஆசை கிட்டார் வாசிப்பவருக்கு வருவது இயல்பு. ஆசையில் பிழையில்லை. ஒரு ஈசிசி83 (கிட்டாரின் சிக்னலைப் பெருக்கும் வால்வு), ஒரு ஈஎல்84 (ஸ்பீக்கரை இயக்கும் வால்வு), மின் டிரான்ஸ்பார்மர், அவுட்புட் டிரான்ஸ்பார்மர், கைப்பிடியளவு ரெசிஸ்டர்களும் கண்டென்சர்களும் இருந்தால் சுற்று முடிந்துவிடும். ஆனால், ஐந்து வாட் என்பது ஸ்பீக்கருக்குச் சென்று சேரும் ஆற்றலின் அளவு மட்டுமே. அதைத் தருவதற்கு வால்வின் ஆனோடில், அதாவது எலெக்ட்ரான்கள் வந்து சேரும் தகட்டில், 250 முதல் 350 வோல்ட் வரை டி.சி. மின்னழுத்தம் நிற்கிறது, அது ஐம்பது வாட் ஆம்பிளிஃபயரில் கொல்வதைப் போலவே இதிலும் கொல்லும். தொடக்கநிலையாளர் செய்யும் பெரும் தவறுகள் பலவும் இந்த ஒன்றை மறப்பதிலிருந்தே பிறக்கின்றன.

முதல் தவறு ரேடியோவைத் தேர்ந்தெடுக்கும்போதே நிகழ்ந்துவிடுகிறது. பழைய ரேடியோக்களில் ஒரு வகை ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடும்படி, மின் டிரான்ஸ்பார்மரே இல்லாமல் செய்யப்பட்டது. அதில் மின் இணைப்பின் ஒரு கம்பி நேராகச் சேஸிஸுடன் (உலோக அடிச்சட்டத்துடன்) சேர்ந்திருக்கும். பிளக்கைத் திருப்பிச் செருகினால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட் ஆகிவிடும். கிட்டாரின் தந்திகளோ பிரிட்ஜ் வழியாகவும் கேபிளின் வலைக்கம்பி வழியாகவும் அதே சேஸிஸுடன் இணைந்தவை. ஆகவே தந்தியைத் தொடும் கை சேஸிஸைத் தொடும் கைதான். வாங்கும் முன் வால்வுகளின் பெயரைப் படித்தாலே இந்த வகையை அடையாளம் கண்டுவிடலாம். ஈஎல்84, ஈசிசி83 போல ‘ஈ’யில் தொடங்குபவை 6.3 வோல்ட் ஃபிலமென்ட் (வால்வைச் சூடாக்கும் இழை) கொண்டவை. யுஎல்84, யுஒய்85 போல ‘யு’வில் தொடங்குபவை ஃபிலமென்ட்டுகளைத் தொடராக இணைத்து 100 மில்லி ஆம்பியரில் ஓட்டுபவை, அவை இருக்கும் ரேடியோவைக் கிட்டாருக்காகத் தொடவே வேண்டாம்.

சரியான டிரான்ஸ்பார்மர் இருந்தாலும் எர்த் இல்லாமல் கட்டுவது அடுத்த பிழை. மூன்று முள் பிளக்கின் எர்த் கம்பியைத் தனி போல்ட் ஒன்றால், பெயின்ட்டைச் சுரண்டிய உலோகத்தின்மேல், நேராகச் சேஸிஸில் இறுக்க வேண்டும். ஹம் (ஸ்பீக்கரில் எழும் முனகல்) குறைகிறது என்பதற்காக மேடையில் எர்த்தைத் துண்டிப்போரைப் பார்த்திருக்கிறேன். பாடகரின் உதடு மைக்கில் பட்டதும் சுருக்கென்று அடிப்பது அங்கேதான். வீட்டில் ஈ.எல்.சி.பி. (மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதே என்றும் தைரியம் கொள்ளக் கூடாது. டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் உருவாகும் உயர் மின்னழுத்தம் உடலின் வழியாகச் சேஸிஸுக்குத் திரும்பினால், அந்த மின்னோட்டம் ஈ.எல்.சி.பி.யின் கண்ணில் படவே படாது. ஃபியூஸ் விஷயத்திலும் கையில் கிடைத்ததைப் போடாமல், ஃபேஸ் கம்பியில், சுவிட்சுக்கு முன்னால், அரை ஆம்பியர் மெதுவாக எரியும் வகையைப் போட வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கிய பின்பும் டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரில் மின்சாரம் தங்கியிருக்கும். முதல் கண்டென்சருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாகப் பற்றவைத்துவிட்டால் அது ஒரு நிமிடத்திற்குள் வடிந்துவிடும். ஆயினும் அந்த ரெசிஸ்டரே கழன்றிருக்கக்கூடும். ஒவ்வொரு முறையும் மல்டிமீட்டரால் அளந்து, சில வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகே கையை உள்ளே விட வேண்டும். மின்சாரம் இருக்கும்போது அளக்க நேர்ந்தால் கறுப்பு முனையைக் கிளிப்பால் சேஸிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையால் மட்டும் அளப்பது நம் ரேடியோ மெக்கானிக்குகளின் பழைய ஒழுக்கம். அதற்கு மாற்று இல்லை.

கண்டென்சரின் வோல்ட் அளவில் பலரும் கணக்குத் தவறுகிறார்கள். 250 வோல்ட் ஏ.சி. தரும் டிரான்ஸ்பார்மர் சுருளின் மின்சாரத்தை டயோடால் டி.சி. ஆக்கினால் ஏறக்குறைய 353 வோல்ட் வரும். வால்வுகள் சூடேறாத முதல் சில நொடிகளில் சுமை இல்லாததால் இன்னும் ஏறும். நள்ளிரவில் லைன் 250 வோல்ட்டுக்குப் போகும் வீடுகளில் எல்லாம் சேர்ந்து 400-ஐயும் தாண்டிவிடும். எனவே 350 வோல்ட் கண்டென்சர் போதாது. 450 வோல்ட் வேண்டும். ஃபிலமென்ட்டையும் இரவில் ஒரு முறை அளந்து பாருங்கள், 6.9 வோல்ட்டுக்கு மேல் போனால் வால்வின் ஆயுள் குறையும். அமெரிக்காவிலிருந்து வரும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் டிரான்ஸ்பார்மரை இங்கே ஸ்டெப் டவுன் வைத்து ஓட்டுவதும் நல்லதன்று; 50 ஹெர்ட்ஸில் அதன் இரும்பு உள்ளகம் எளிதில் காந்தத்தால் நிறைவுற்றுச் சூடாகும்.

பழைய ரேடியோவிலிருந்து வால்வையும் டிரான்ஸ்பார்மரையும் எடுக்கலாம், கண்டென்சரை எடுக்கவே கூடாது. இதை நான் இழப்பில் கற்றேன். என் முதல் ஆம்பிளிஃபயரில் ஈசிசி83-இன் ஆனோடுக்கும் ஈஎல்84-இன் கிரிட்டுக்கும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் வலைக்கும்) இடையே பழைய பேப்பர் கண்டென்சர் ஒன்றை அப்படியே வைத்தேன். இருபது நிமிடம் நன்றாக வாசித்தேன். பிறகு ஒலி கரகரத்தது. விளக்கை அணைத்துப் பார்த்தபோது ஈஎல்84-இன் ஆனோடுத் தகட்டின் நடுவில் நாணய அளவுக்குச் செந்நிறம் படர்ந்திருந்தது. ஈரம் ஏறிய கண்டென்சர் டி.சி.யைக் கசியவிட, கிரிட் நேர் மின்னழுத்தத்திற்குப் போய், வால்வு கட்டுப்பாடின்றி மின்னோட்டத்தை இழுத்திருக்கிறது. கடற்காற்றில் பல்லாண்டு கிடந்த பேப்பர் கண்டென்சருக்கு இது வழக்கமான முடிவு. இப்போது ஈஎல்84-ஐக் கழற்றிவிட்டு, அதன் சாக்கெட்டின் இரண்டாம் முனையில் மின்னழுத்தத்தை அளக்கிறேன். அது சுழியத்தை ஒட்டி நிற்க வேண்டும். 630 வோல்ட் ஃபிலிம் கண்டென்சர் புதிதாக வாங்கும் செலவு ஒரு வால்வின் விலைக்குப் பக்கத்திலும் வராது.

அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குப் பதிலாக 230-க்கு 6 வோல்ட் மின் டிரான்ஸ்பார்மரைத் திருப்பிப் போடும் யோசனை அடிக்கடி காதில் விழுகிறது. ஒற்றை வால்வு சுற்றில் ஐம்பது மில்லி ஆம்பியர் அளவுக்கு டி.சி. இடைவிடாமல் அதன் வழியே ஓடுவதால், இடைவெளி இல்லாத இரும்பு நிறைவுற்று, தாழ்ந்த சுருதிகள் காணாமல் போகின்றன. டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுப்பவரிடம் ‘5 கிலோ ஓம், 8 ஓம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தால், அவர் பழக்கப்படி ‘ஈ’ (E) வடிவ இரும்புத் தகட்டையும் ‘ஐ’ (I) வடிவத் தகட்டையும் மாற்றி மாற்றி அடுக்கிவிடுவார். ‘ஈ’ எல்லாம் ஒரு பக்கம், ‘ஐ’ எல்லாம் மறுபக்கம், நடுவில் இடைவெளிக்காக மெல்லிய காகிதம் வேண்டும் என்று எழுதியே கொடுங்கள். ஈஎல்84 பொருத்திய ரேடியோவிலேயே அதன் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே போதும்.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 40 அல்லது 60 வாட் இழைப் பல்பு ஒன்றைத் தொடராக மாட்டும் சீரீஸ் போர்டு இல்லாமல் சுவிட்சைத் தொடாதீர்கள், எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சிட்டு மங்கினால் நல்லது, பளிச்சென்றே நின்றால் எங்கோ ஷார்ட். பின்பு பல்பை நீக்கி, ஈஎல்84-இன் கேத்தோடு (எலெக்ட்ரான்களை வெளியிடும் முனை) ரெசிஸ்டரில் வோல்ட்டை அளக்க வேண்டும். 150 ஓமில் 7.2 வோல்ட் வந்தால் 48 மில்லி ஆம்பியர். அதில் ஏறத்தாழ ஐந்து ஸ்கிரீன் எனும் இரண்டாம் வலைக்குப் போக, மீதி 43-ஐ ஆனோடுக்கும் கேத்தோடுக்கும் இடையிலுள்ள 250 வோல்ட்டால் பெருக்கினால் பதினொரு வாட்டுக்குச் சற்றுக் கீழே வரும். அந்த வால்வின் எல்லை 12 வாட். இந்தக் கணக்கைப் போடாமல் ‘ஒலி வருகிறது’ என்று நிம்மதியடைவதுதான் வால்வுகளைத் தின்னும் தவறு.

ஹம் வந்தால் உடனே பெரிய கண்டென்சரைத் தேடாமல் முதலில் காதால் கேளுங்கள். ஆறாம் தந்தியின் மூன்றாம் ஃப்ரெட்டுக்கு மிக அருகில் ஒலித்தால் அது 100 ஹெர்ட்ஸ். ஃபில்டரிலோ எர்த் கம்பிகளின் பாதையிலோ குறை. அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே முனகினால் 50 ஹெர்ட்ஸ்; பெரும்பாலும் ஃபிலமென்ட் கம்பிகளால் வருவது. நடுவில் இணைப்பு முனை இல்லாத ஃபிலமென்ட் சுருளை அந்தரத்தில் விட்டுவிடுவது மிகப் பொதுவான காரணம்; இரு முனைகளிலிருந்தும் 100 ஓம் ரெசிஸ்டர்கள் வழியாகச் சேஸிஸுக்கு இணைத்து, கம்பிகளை முறுக்கி மூலையோரமாகக் கொண்டுபோனால் அடங்கிவிடும். கீச்சென்ற ஊளை வந்தால் கிரிட் கம்பி நீளமாக இருப்பது ஒரு காரணமாக இருக்கலாம். கிட்டாரின் சிக்னல் நுழையும் வழியிலுள்ள 68 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஈசிசி83-இன் கிரிட் முனையை ஒட்டியே வைக்க வேண்டும்.

ஸ்பீக்கரை மாட்டாமல் வாசிக்கக் கூடாது. சுமையற்ற அவுட்புட் டிரான்ஸ்பார்மரில் எழும் மின்னழுத்தம் அதன் காப்பையே துளைத்துவிடும். ரேடியோவின் ஐந்து அங்குல ஸ்பீக்கரை வைத்து ஒலி போதவில்லை என்று கூடுதல் வாட் தேடுவதும் வீண்வேலை. ஆற்றலை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். ஒரு வாட்டுக்கு 91 டெசிபெல் ஒலி தரும் ஸ்பீக்கரை 97 டெசிபெல் தருவதாக மாற்றினால் ஐந்து வாட் இருபது வாட்டைப் போல ஒலிக்கும்.

கடலூர் முதுநகரிலோ புதுச்சேரி கடற்கரையை ஒட்டியோ குடியிருப்பவருக்கு உப்புக் காற்றும் ஒரு பகை. வால்வு முனைகளிலும் சாக்கெட்டுகளிலும் பச்சை படிந்து, வடகிழக்குப் பருவமழை மாதங்களில் கரகரப்பும் விட்டுவிட்டு ஒலிப்பதும் தொடங்கும். பற்றவைத்த இடங்களில் மிஞ்சிய ஃப்ளக்ஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிடுங்கள். மழைக்காலம் தொடங்கும் முன், பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர் வடிந்ததை அளந்து பார்த்த பின், ஒவ்வொரு வால்வையும் இரண்டு மூன்று முறை சாக்கெட்டில் ஏற்றி இறக்குங்கள்.